மீனம்பாக்கம் குழாய்த் தண்ணீர்

1

இந்த ஊரில் ஒரு சொட்டு சிந்தினால் பதினான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். மிகைப்படுத்தவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வின்னிபெக் கனடாவின் நட்டநடுவில் இருக்கிறது. குளிர்காலத்தில் காரை நிறுத்திவிட்டு அதன் எஞ்சினுக்கு மின்சார ஒயரை மாட்டிவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் காலையில் கிளம்பவே கிளம்பாது. முதல் தடவை பார்த்தபோது, மாட்டைக் கட்டுகிற மாதிரி காரையும் கட்டிப்போடுகிறார்களே என்று சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன், சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. ஏழு வருஷம் ஆகிறது, இன்னும் அப்படித்தான்.

பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் பதினைந்து வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். இங்கே வந்ததும், ‘கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா?’ என்று கேட்டுக் கேட்டே துரத்தினார்கள். அட, இப்போதுதானே ஐயா விமானத்தை விட்டு இறங்கினேன்! வேன் ஓட்டத் தெரியுமா என்று கேட்டது ஒரே ஒரு கம்பெனிதான். கிளினிக் கிளினிக்காகப் போய் இரத்தம், சிறுநீர், அறுத்தெடுத்த சதைத்துண்டு எல்லாவற்றையும் பெட்டிகளில் வாங்கிப் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்கிற வேலை. வேறு எந்த வேலை கிடைத்திருந்தாலும் இதை எடுத்திருக்க மாட்டேன். கிடைக்கவில்லை.

போன பிப்ரவரியில் ஒரு பெட்டிக்குள் டப்பா மூடி சரியாகத் திருகாமல் பார்மலின் கசிந்துவிட்டது. உடம்பிலிருந்து எடுத்த சதை அழுகாமல் இருக்க ஊற்றி வைக்கிற மருந்துத் தண்ணீர் அது. பள்ளிக்கூடத்தில் பாட்டிலுக்குள் பாம்பை மிதக்க விட்டிருப்பார்களே, அந்த நெடி. வேனை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கினேன். வெளியே மைனஸ் முப்பது. கையுறை, உறிஞ்சுதாள், மஞ்சள் நிறப் பை, மேலிடத்துக்குப் போன், எல்லாம் சொல்லிக் கொடுத்த வரிசைப்படி. டப்பாவைத் திறக்கவில்லை. அதற்குள் எதையும் ஊற்றவில்லை.

மேற்பார்வையாளர் ஷெரில் என்கிற அம்மாள் வந்து பார்த்துவிட்டு, “எல்லாம் கச்சிதமாகச் செய்திருக்கிறாய்” என்று தட்டிக் கொடுத்து, அந்தப் பதினான்கு கேள்விப் படிவத்தை நீட்டினாள். ஒன்பதாவது கேள்வி: இதற்கு முன் இப்படிப்பட்ட கசிவில் நீங்கள் சம்பந்தப்பட்டது உண்டா? ‘இல்லை’ என்கிற கட்டத்தில் டிக் அடித்தேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து நின்றேன். குளிரில் விறைத்துவிட்டேன் என்று நினைத்து அவள் காபி வாங்கிக் கொடுத்தாள்.

பொய். பதினோரு வருஷத்துக்கு முன், எண்பத்தேழு மே மாதம், பீச்சிலிருந்து தாம்பரம் போகிற மின்சார ரயிலில் என் தங்கையின் மூளையிலிருந்து எடுத்த கட்டியை நான் கெடுத்தேன். அதனால் அவள் நோய் முதல் தடவை பிடிபடாமல் போயிற்று. அவள் புருஷனுக்கு இது தெரியாது. தெரியப்படுத்துவதா வேண்டாமா என்பதைத்தான் பிப்ரவரியிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

2

தங்கை பெயர் சுகுணா. அவள் புருஷன் ஏழுமலை என் பள்ளித் தோழன். நாங்கள் சேலையூர்க்காரர்கள். அவன் தாம்பரம் ரயில்வே கார்ஷெட்டில் மின்சார ரயில்களைப் பழுது பார்க்கிற எலெக்ட்ரிகல் பிட்டர். தங்கையைக் கட்டிக்கொண்ட பிறகு ‘டேய்’ என்பதை விட்டுவிட்டு ‘மச்சான்’ என்று கூப்பிட ஆரம்பித்தான். அது ஒன்றுதான் அவன் எனக்குக் கொடுத்த மரியாதை. மற்றபடி என் சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போவான்.

சுகுணா குரோம்பேட்டையில் மாத்திரை கம்பெனியில் மாத்திரைகளை அட்டையில் அடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து டீ குடிக்கிறோம். அவள் இடது கடைவாயிலிருந்து டீ வழிந்து கழுத்துக்குப் போகிறது, அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

“இன்னாடி இது, கொயந்த மாரி ஊத்திக்கிற?” என்றான் ஏழுமலை.

தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்கே தெரிந்தது. இடது கன்னம் மரத்துப்போய் நாலைந்து மாதம் ஆகிறதாம். சொல்லவில்லை. லீவு போட்டால் வேலைக்கு வேறு பெண்ணை வைத்துவிடுவார்கள் என்று பயம். அப்புறம் அந்தப் பக்கமே குத்துவலி. பல் டாக்டர் ஒருவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி நிற்கவில்லை, பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். மூன்றாவது பல் போன பிறகு ஒருநாள் அவள், “அண்ணா, ரயில் ரெண்டு ரெண்டா வருது” என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். கண்ணில் உண்மையிலேயே எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

ஸ்கேன் என்றால் அப்போதெல்லாம் சிபாரிசும் வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். அலைந்து திரிந்து எடுத்தோம். எழும்பூர்ப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் மூளை ஆபரேஷன் செய்கிற டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“முகத்துக்கு உணர்ச்சி கொண்டுபோற நரம்பு ஒண்ணு இருக்கு. அந்த நரம்புக்கு மேல மெல்லிசா ஒரு உறை. அந்த உறையிலதான் கட்டி வளர்ந்திருக்கு.”

ஏழுமலை முன்னால் குனிந்தான். “அப்ப உள்ள கீற கம்பிக்கு ஒண்ணியும் ஆவல சார். மேல கீற இன்சுலேசன்லதான் கோளாறு. கரீட்டா?”

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “கரெக்ட். இந்த மாதிரிக் கட்டி பெரும்பாலும் சாது. எடுத்துட்டா சரியாயிடும். மூளைக்குள்ள இது கெட்ட ஜாதியா இருக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா இருந்துட்டா உடனே கரண்ட் வைக்கணும், அதான், கதிர்வீச்சு சிகிச்சை, விடக் கூடாது. எதுன்னு ஸ்கேன்ல தெரியாது. எடுத்த துண்டை மைக்ராஸ்கோப்புல பார்த்தாத்தான் தெரியும்.”

எல்லாம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது என்று அவர் எவ்வளவு தெளிவாகச் சொன்னார்! நானும் மண்டையை ஆட்டிக்கொண்டுதான் கேட்டேன்.

3

அந்தக் காலத்து வழக்கம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சின்ன நர்சிங் ஹோம்களில் பரிசோதனைக் கூடம் கிடையாது. ஆபரேஷன் தியேட்டர் கதவு பாதி திறக்கும். சிஸ்டர் ஒரு பாட்டிலை வெளியே நீட்டுவார். உறவுக்காரர்களில் கால் வலிக்காதவர் யாரோ அதை வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். எங்கள் டாக்டருக்கு நம்பிக்கையான டாக்டரம்மா ஒருவர் மேற்குத் தாம்பரத்தில் சொந்தமாகக் கூடம் வைத்திருந்தார். “உங்க ஊர்தானே, நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க” என்றார்கள். ஏழுமலையை அங்கிருந்து அசைக்க முடியவில்லை. தியேட்டர் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வாங்கிக்கொண்டேன்.

“தெறக்காதீங்க சார். அப்படியே குடுத்துடுங்க” என்றார் சிஸ்டர். சொல்லாமல் விட்டிருந்தாலாவது அவர்மேல் பழியைப் போட்டிருப்பேன். சொன்னார்.

சனிக்கிழமை பகல் ஒரு மணி, வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு எழும்பூரில் ரயில் ஏறினேன். மாம்பலம் தாண்டியதும் தொடை ஈரமாயிற்று. அப்புறம் எரிந்தது. மூடி வழியாகக் கசிகிறது. எதிர் சீட்டில் இருந்த பெண்மணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“யோவ், இன்னாய்யா வெச்சிகினு கீற பையில? கண்ணு எரீது! ஆசிடா?”

“இல்லம்மா, மருந்து...”

“மருந்தாம் மருந்து! பச்சக் கொயந்த மூச்சு முட்டுது இங்க. எறங்குய்யா மொதல்ல!”

பெட்டியே என்மேல் பாய்ந்தது. கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. என் தங்கையின் மூளைக்கட்டி அம்மா இது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் இன்னும் அலறுவார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டேன்.

பிளாட்பாரத்தில் ஈ காக்கை இல்லை. பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் காலி. முந்திரிப்பருப்பு அளவில் சாம்பல் நிறத் துண்டுகள் நாலைந்து அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆயிற்று. காலையில் வரைக்கும் அவள் தலைக்குள் இருந்தவை. காய்ந்துவிடுமே என்று பதறினேன். இந்த நாற்றத்தோடு அடுத்த வண்டியிலும் விட மாட்டார்கள். பிளாட்பாரக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த மருந்தைத் தண்டவாளத்தில் ஊற்றினேன். பாட்டிலை இரண்டு தடவை அலசினேன். கழுத்து முட்ட நல்ல தண்ணீர் பிடித்து மூடியை அழுத்தித் திருகினேன். நாற்றம் போயிற்று. சமயத்தில் நமக்கு மூளை வேலை செய்ததே என்று சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன்.

தாம்பரத்தில் இறங்கி ஓடினால், கூடம் மூடியிருக்கிறது. சனிக்கிழமை ஒரு மணி வரைதானாம். “திங்கக்கெழம வா சார்” என்றார் வாட்ச்மேன். வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்குள் வைக்க வேண்டாம் என்று மனைவி சொன்னாள். பின்பக்கம் குளியலறைப் பரணில் வைத்தேன், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. மே மாதம், சனி மத்தியானத்திலிருந்து திங்கள் காலை வரை. தோல் கம்பெனியில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவன் நான். உப்பு போடாத தோல் ஒரே நாளில் என்ன ஆகும் என்று தெரிந்தவன். அந்தத் தோலையும் இந்தத் துண்டையும் சேர்த்து நினைக்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

4

திங்களன்று கூடத்தில் இருந்த டெக்னீஷியன் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார்.

“சார், இத்த பார்மலின்லயா போட்டுக் குடுத்தாங்க? வெறும் தண்ணி மாரி கீது.”

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆமாம் ஐயா, நான்தான் மாற்றினேன் என்று சொல்லியிருந்தால், டாக்டரம்மா போன் போட்டிருப்பார். எழும்பூரில் அறுவை செய்தவர், வேறு துண்டு மிச்சமிருக்கிறதா என்று தேடியிருப்பார், அல்லது சந்தேகத்திலேயே கரண்ட் வைக்கச் சொல்லியிருப்பார். ஏதோ ஒன்று நடந்திருக்கும்.

“அவங்க குடுத்தது அப்படியே இருக்கு. நான் தொறக்கவே இல்ல” என்றேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “தியேட்டர்ல கீற சிஸ்டருங்களுக்கு எத்தினி தபா சொன்னாலும் ஏறாது சார்.”

அறிக்கை வந்தது. துண்டு சரியாகப் பாதுகாக்கப்படவில்லை, உயிரணுக்கள் கெட்டுப்போயிருக்கின்றன, தெரிகிற வரையில் நரம்பு உறைக் கட்டி, கெட்ட வகைக்கான அடையாளம் காணப்படவில்லை. கடைசி வரிதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. டாக்டரும் கடைசி வரியைத்தான் சத்தமாகப் படித்தார். பிறகு முதல் வரிக்குப் போய், அந்த சிஸ்டரைக் கூப்பிட்டு எங்கள் எதிரிலேயே வாங்கு வாங்கு என்று வாங்கினார். “நான் ஊத்தித்தான் குடுத்தேன் டாக்டர்” என்று அவர் இரண்டு தடவை சொன்னார். என்னைப் பார்த்தார். நான் சுகுணாவின் தலையில் சுற்றியிருந்த பேண்டேஜைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கரண்ட் தேவையில்லை, ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

தையல் ஆறி, முடி இரண்டு விரற்கடை வளர்ந்ததும் சுகுணா கோவளம் போக வேண்டும் என்றாள். மூன்று பேரும் பஸ் பிடித்துப் போனோம். ஏழுமலை படகுக்காரர்களோடு பேரம் பேசி வஞ்சிரம் வாங்கி அங்கேயே ஒரு கடையில் வறுக்கக் கொடுத்தான். அவள் காலை நனைத்துக்கொண்டு நின்றாள். காற்றில் சாரல் முகத்தில் அடித்தது. வலது கன்னத்தைத் தொட்டுச் சிரித்தாள், இடது கன்னத்தைத் தொட்டாள்.

“இந்தப் பக்கம் மட்டும் கடலே இல்லண்ணா” என்றாள்.

“நரம்பை வெட்டியிருக்காங்க இல்ல, கொஞ்ச நாள் ஆகும்.”

“போவட்டும். உசுரு கீதே, அது போதும்.”

அப்போது சொல்லியிருக்கலாம். யாரும் இல்லை, அவள் சந்தோஷமாக வேறு இருந்தாள். அறிக்கையில் நல்லதென்றுதானே வந்திருக்கிறது, எதற்கு வீணாக வயிற்றில் புளியைக் கரைப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மீன் வந்தது. நான்தான் நிறையத் தின்றேன்.

5

ஆபரேஷன் முடிந்து நாலே மாதம். செப்டம்பரில் தலைவலி திரும்ப வந்தது. நடந்தால் ஒரு பக்கம் தள்ளியது. இடது கண்ணிமை மூட மறுத்தது. ஸ்கேனில் கட்டி முன்னைவிடப் பெரிது. டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் மாறி மாறித் தூக்கிப் பிடித்தார்.

இரண்டாவது ஆபரேஷன். இந்த முறை ஏழுமலையே பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் தாம்பரம் போனான். திரும்பி வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தது.

“மூஞ்சாண்டயே புட்ச்சிகினு போனேன் மச்சான். கண்ணுல தண்ணி தண்ணியா கொட்டிச்சி. ஆட்டோக்காரன் எறங்குன்றான். மூடிய தொடலியே நானு. தொறக்கக் கூடாதுன்னாங்களே” என்றான்.

எழும்பூர் நர்சிங் ஹோம் நடையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தத் துண்டில் எல்லாம் தெரிந்தது. கெட்ட வகைதான். டாக்டரம்மா முதல் துண்டை ஒட்டி வைத்திருந்த பழைய கண்ணாடி ஸ்லைடுகளையும் எடுத்து மறுபடி பார்த்து, முதல் தடவையே இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும், கெட்டுப்போன துண்டில் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தார். பிறகு கரண்ட். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம், ஏழுமலை லீவு போட்டுவிட்டு அவளை ரயிலில் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டி வந்தான். முடி மறுபடி போயிற்று. கரண்ட் வைத்ததால் கட்டி கொஞ்ச நாள் சும்மா இருந்தது. அப்புறம் அது சும்மா இருக்கவில்லை.

மறு வருஷம் பங்குனியில் அவள் போனாள். இருபத்தெட்டு வயது. கடைசி வாரத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு தாம்பரம் ரயிலில் என்னால் போக முடியவில்லை. பல்லாவரத்துக்குச் சைக்கிளில் போனேன். ஏழுமலை வீட்டுக்கு வருவான், நான் ஏதாவது வேலை இருப்பதாக வெளியே கிளம்பிவிடுவேன். மனைவியின் அண்ணன் கனடாவுக்குக் கூப்பிட்டபோது, எல்லோரும் பிள்ளையின் படிப்புக்காகப் போகிறேன் என்று நினைத்தார்கள். நானும் அப்படியே சொன்னேன். ஏழுமலைதான் விமான நிலையத்துக்கு வந்து பெட்டிகளைத் தூக்கினான். “மறந்துடாத மச்சான்” என்றான். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேதான் அந்த மீனம்பாக்கம் ஸ்டேஷன். தலையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன்.

பிறகு அவன் மறுமணம் செய்துகொண்டான். கூடுவாஞ்சேரியில் மனை வாங்கி வீடு கட்டினான். இரண்டு பெண் குழந்தைகள். ஒவ்வொரு தீபாவளிக்கும் கடிதம் போடுவான். சுகுணா படத்துக்குத் தன் வீட்டுக்காரிதான் தினம் பூ வைக்கிறாள் என்று ஒரு தடவை எழுதியிருந்தான். நான் பதிலுக்குக் குளிரைப் பற்றி எழுதுவேன்.

6

ஒன்பதாவது கேள்விக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெட்டிகளை இறக்குகிற இடத்தில் ஒருநாள் பரிசோதனைக் கூடத்து இளம் டாக்டர் ஒருத்தியிடம், யாருக்கோ நடந்தது மாதிரி கேட்டேன். மூளைக்குள் நரம்பு உறைக் கட்டி, கெட்ட வகை, நாலு மாதம் முன்னாலேயே கண்டுபிடித்திருந்தால்?

“அதைப் பாடப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன்” என்றாள். “இன்றைக்கும் வெட்டி எடுப்பதும் கதிர் வைப்பதும்தான். முழுசாக எடுக்க முடிந்தால் அதிர்ஷ்டம். நாலு மாதத்தில் கொஞ்ச காலம் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது.”

நீதான் காரணம் என்றாவது சொல்லியிருக்கலாம். நீ காரணமில்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

மகள் நிவேதாவுக்குப் பதினாலு வயது. ஏழு வயதில் சேலையூரிலிருந்து வந்தவள். இப்போது என்னிடம் தமிழில் பேசும்போது கண்ணை மேலே உருட்டி ஒவ்வொரு வார்த்தையாகத் தேடுகிறாள். அத்தை முகம் அவளுக்கு ஞாபகமே இல்லை. ஒரு சாயங்காலம், ஏன் சாப்பிடுவதில்லை என்று அவளாகவே கேட்டாள். அப்படிக் கேட்கிற பெண் அல்ல. அதனாலேயே சொல்லிவிட்டேன். முழுக்கவும் ஆங்கிலத்தில்தான் சொன்னேன். தமிழில் வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் சொன்னால் வேறு யாருக்கோ நடந்த மாதிரி இருக்கிறது.

“அது ஆக்ஸிடெண்ட்தானேப்பா” என்றாள். “நீங்க அந்த அங்கிளுக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க.”

“அங்கிள் இல்லம்மா, மாமா.”

“மாமா. உள்ள வெச்சுக்கக் கூடாதுப்பா. சொன்னா யூ வில் ஃபீல் பெட்டர்.”

பள்ளிக்கூடத்தில் இதற்கென்று ஒருவரை வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மனதில் இருப்பதைச் சொல்லிவிடு, இலேசாகிவிடும். இந்த ஊரில் டி.வி.யில்கூட ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிவிட்டு அழுதுவிட்டுக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். இலேசாகிவிடும் என்று நானும் நம்பினேன். ரொம்ப நாளாக எனக்கு இலேசாக வேண்டியிருந்தது.

ஞாயிறு காலையில் வெளிநாட்டுக்குப் பேசுகிற போன் கார்டு வாங்கி வந்தேன். ஊரில் அப்போது சாயங்காலம்.

“அல்லோ... மச்சானா! இன்னா அதிசயமா கீது! அல்லாரும் நல்லாகீறீங்களா? பாப்பா எப்டி கீது?”

“ஏழுமலை, ஒரு விஷயம் சொல்லணும். முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாத.”

சொன்னேன். ரயில், மீனம்பாக்கம், குழாய், பரண், டெக்னீஷியன் கேட்டது, நான் சொன்ன பொய், சிஸ்டர் வாங்கிக் கட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் டி.வி. சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் அது நின்றது.

“முட்ச்சிட்டியா?”

“ம்.”

“பத்து வருசமா நான் இன்னா சொல்லிகினு கீறேன் தெரியுமா மச்சான்? தலையெயுத்துன்னு. கோடில ஒருத்தருக்கு வர்றது இவளுக்கு வந்துச்சி, யாரு இன்னா பண்ண முடியும்னு. அத்த சொல்லிக்கினுதான் சோறு துன்னேன். அத்த சொல்லிக்கினுதான் இன்னொரு கண்ணாலமே பண்ணிக்கினேன். இப்ப அத்தயும் எட்த்துகினியே.”

“மன்னிச்சுடுடா.”

“மன்னிக்கறதுக்கு நான் யாரு?” அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் மெதுவாக வந்தது. “கடேசி வாரம் அவளுக்கு பேச்சு கொயறிச்சே, ஞாபகம் கீதா? என் கைய புட்ச்சிகினு கேட்டா. ஏங்க, மொதோ தபாவே ஏன் தெர்ல அவங்களுக்கு? நான் லேட்டா சொன்னதாலயா? நான் இன்னா தப்பு பண்ணேன்? அப்டீன்னா. தெர்லமான்னேன். நீ அங்கதான் நின்னுகினு இருந்த. காலாண்ட.”

ஆமாம். நின்றுகொண்டிருந்தேன். போர்வை நுனி என் கையில் இருந்தது. கடைசி வாரத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதுவும் பொய்.

“அன்னிக்கு நீ வாய தொறந்திருந்தா, உன்ன திட்டியிருப்பா. அய்திருப்பா. அப்பால, சரி வுடுண்ணான்னு சொல்லியிருப்பா. அவ கொணம் உனக்கு தெரியாதா? தம்மேலதான் தப்புன்னு நெனச்சிகினே பூட்டா மச்சான்.” அவன் அழுகிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. “அவ கேட்டதுக்கு பதில இப்ப என்னாண்ட கொண்டாந்து குடுக்கிற. நான் இத்த எங்க கொண்டுபோயி அவளாண்ட குடுப்பேன்?”

அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கார்டில் இருந்த நிமிஷங்கள் தீருகிற வரைக்கும் அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.